பாறையில் யுரேனியமும் அதன் பிள்ளைகளும் சமநிலையில் உள்ளனவா? அளந்து பார்க்கும் முழு வழி

போன மாதம் எங்கள் தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர், பழைய நாளிதழில் சுற்றிய கல்லோடு வீட்டுக்கு வந்தார். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில், செம்பனைக் காட்டுக்கு மேலே பாதை வெட்டிய இடத்தில் எடுத்த கிரானைட் கல். பேரன் இணையத்தில் வாங்கிய சின்ன கைகர் மீட்டரை அதன்மேல் வைத்தால் வழக்கத்தைவிட வேகமாகத் துடிக்கிறதாம். "தம்பி, இதுல யுரேனியம் எவ்வளவு இருக்குன்னு மட்டும் சொல்லிடுப்பா," என்றார்.

"மாமா, மீட்டரைத் துடிக்க வைக்கிறதுல யுரேனியத்தோட சொந்தப் பங்கு கொஞ்சம்தான். பெரும்பங்கு அது சிதைஞ்சு பிறக்கிற பிள்ளைங்க போடற சத்தம். பொட்டாசியமும் தோரியமும் வேற கூட இருக்கு. பிள்ளைங்க சத்தம் கேக்குதுங்கிறதுக்காக ஆத்தா வீட்டுல இருக்குன்னு சொல்ல முடியுமா?" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இதே தவறை ஆய்வறிக்கைகளிலும் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒன்றான பிஸ்மத்தின் முகட்டை, அதாவது அதன் காமா கதிர் கருவியின் வரைபடத்தில் எழுப்பும் கூம்பை, அளந்துவிட்டு "யுரேனியம் இவ்வளவு" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண், தாயும் சேய்களும் சமநிலையில் இருந்தால்தான் சரி. நம் ஊர் போன்ற மழை மண்ணில் சமநிலையைத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அளக்க வேண்டும். கதிரியக்கம் படிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளையும், எஸ்டிபிஎம் பள்ளித் தேர்வு முடித்து ஆய்வுக்கூடத்தில் சேரும் தம்பி தங்கைகளையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சமநிலை என்பது என்ன

லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு கசிவு. சொட்டுச் சொட்டாக விழுகிறது. அதன்கீழ் ஒரு மங்கு, அதாவது பால்மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம். அந்த மங்கிலும் ஓர் ஓட்டை. முதலில் மங்கில் தண்ணீர் குறைவு, ஒழுகுவதும் மெதுவாகத்தான். தண்ணீர் ஏற ஏற ஒழுகலும் வேகம் பிடிக்கும். மேலிருந்து நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழுகிறதோ அத்தனை சொட்டு கீழேயும் விழும்போது மட்டம் அப்படியே நிற்கும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு மங்குகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வையுங்கள். ஓட்டைகள் வேறு வேறு அளவு, ஆகவே ஒவ்வொன்றிலும் நிற்கும் தண்ணீரும் வேறு. ஆனால் நிமிடத்துக்கு விழும் சொட்டு எல்லாவற்றிலும் ஒன்றே.

தொட்டிதான் யுரேனியம்-238. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 447 கோடி ஆண்டு. சொட்டு என்பது ஒரு சிதைவு. நொடிக்கு ஒரு சிதைவைத்தான் ஒரு பெக்கரல் என்கிறோம். சமநிலையில் எல்லாச் சேய்களின் பெக்கரலும் தாயின் பெக்கரலுக்குச் சமம். எடை மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். சமநிலையிலுள்ள பாறையில் ஒரு கிராம் ரேடியத்துக்கு ஏறத்தாழ 3 டன் யுரேனியம் வேண்டும். பழைய கனிமங்களில் இந்த விகிதம் மாறாமல் இருப்பதை அமெரிக்க வேதியியலாளர் பெர்ட்ரம் போல்ட்வுட் 1900களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். அவர் காட்டியது மாறாத கனிமங்களில் என்பதை மறக்கக் கூடாது.

நடுவில் ஒரு மங்கைக் காலி செய்தால் அது மறுபடி நிரம்ப எவ்வளவு காலம் ஆகும்? அந்தச் சேயின் அரை ஆயுளைப் பொறுத்தது. ஐந்து அரை ஆயுள் ஆனால் 97 விழுக்காடு திரும்பியிருக்கும். நமக்கு வேண்டிய மங்குகள் இவை:

யுரேனியம்-238-க்கு அடுத்தது தோரியம்-234, 24.1 நாள். பிறகு நிமிடக் கணக்கில் வாழும் புரோட்டாக்டினியம்-234. அதன்பின் யுரேனியம்-234, ஏறத்தாழ 245,000 ஆண்டு. தோரியம்-230, ஏறத்தாழ 75,000 ஆண்டு. ரேடியம்-226, 1,600 ஆண்டு. ரேடான்-222, 3.82 நாள். இது வாயு, தொல்லை பிடித்தது. அடுத்து ஈயம்-214, 27 நிமிடம். பிஸ்மத்-214, 20 நிமிடம். கடைசிப் பக்கம் ஈயம்-210, 22 ஆண்டு. எல்லாம் முடிந்து ஈயம்-206 ஆகி அடங்கும்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் சமநிலை எங்கே உடையும் என்று தெரிந்துவிடும். தோரியம்-234 சில மாதத்தில் தாயோடு சேர்ந்துவிடும், ஆகவே அது தாய்க்குப் பதிலாள். ரேடியம் போனால் 8,000 ஆண்டுக் காயம். தோரியம்-230 பிரிந்தால் மூன்று நான்கு நூறாயிரம் ஆண்டுக் காயம்.

நம் ஊர்ப் பாறைக்கு ஏன் இந்தச் சந்தேகம்

தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட் ஏறத்தாழ 200 மில்லியன் ஆண்டுப் பழசு. வெட்டாமல், நனையாமல், உடையாமல் அடியில் கிடக்கும் கல் என்றால் சமநிலை வந்து எத்தனையோ காலம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் நம் கைக்கு எட்டுவது அந்தக் கல் இல்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற மழையில் ஊறி, செம்மண்ணாக உதிர்கிற மேல்தோல்தான் கிடைக்கிறது.

ஆக்சிஜன் உள்ள மழைத்தண்ணீர் யுரேனியத்தைக் கரைத்து எடுத்துப் போகும். தோரியம் எளிதில் கரையாது, இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ரேடியம் தனிக்குணம்: உப்புத் தண்ணீரிலும் ஆக்சிஜன் இல்லாத ஆழத்துத் தண்ணீரிலும் நகரும், பேரியம் சல்பேட்டோடு சேர்ந்து படியும். போன யுரேனியம் கீழே இரும்புத்துரு படிந்த மண்ணில் மறுபடி ஒட்டலாம். ஆக, ஒரே வெட்டுச்சுவரில் மேலே யுரேனியக் குறைவும் கீழே யுரேனிய மிகுதியும் இருக்க இடம் உண்டு. அங்கே பிஸ்மத்தை மட்டும் அளந்தவர் கணக்கு இரண்டு இடத்திலும் பொய்க்கும்.

கல்லை எடுப்பது

தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள். பிறகு ஒரே உருண்டைப் பாறையில் மூன்று இடத்தில் எடுங்கள்: உதிரும் தோல், நிறம் மாறிய இடை, சம்மட்டி பட்டால் கணீரென்று ஒலிக்கும் நடு. தனித்தனிப் பையில் போட்டு, ஆழமும் இடமும் அங்கேயே எழுதுங்கள். ஒரு கல்லின் ஒற்றை எண்ணைவிட இந்த மூன்றின் வேறுபாடு பத்து மடங்கு பேசும். ஒவ்வொன்றும் ஒரு கிலோவாவது இருக்கட்டும்.

வெள்ளீயச் சுரங்கக் குட்டைப் பக்கம் கிடைக்கும் கறுப்பு மணலை, அமாங் என்பார்களே, அதைப் பாறை மாதிரியோடு கலக்காதீர்கள். மோனசைட், சிர்க்கான் என்ற கனிமங்கள் நிறைந்தது, தோரியம் மிக அதிகம். மலேசியாவில் கதிரியக்கப் பொருள்களுக்கு 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம், அதாவது சட்டம் 304, இருக்கிறது. சாதாரணக் கிரானைட் துண்டு வேறு, அமாங் மூட்டை வேறு. சந்தேகம் இருந்தால் எடுக்குமுன் கேளுங்கள்.

காயவைத்து இடிப்பது

105 பாகை செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவையுங்கள். அதற்குமேல் சூடு வேண்டாம். வாட்டி எடுத்தால் சேய்களில் ஒன்றான பொலோனியம் ஆவியாகலாம், பின்னால் ஆல்ஃபா அளவு எடுக்க நினைத்தால் கெட்டுவிடும். இடித்து மாவாக்கும்போது முகக்கவசம் கட்டாயம். கதிரியக்கத்தைவிட இந்த வேலையில் அதிகம் பயப்பட வேண்டியது சிலிக்காத் தூசுக்கு.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சலிக்கும்போது சல்லடைமேல் தங்கும் கடினமான மணிகளை "மாவாகவில்லை" என்று வீசிவிடாதீர்கள். கிரானைட்டின் யுரேனியத்தில் நல்ல பங்கு சிர்க்கான் போன்ற கடினமான சின்ன மணிகளுக்குள் இருக்கிறது. அதை வீசினால் நீங்கள் அளப்பது வேறு பாறை. மறுபடி இடித்து, முழுவதும் சல்லடைக்குள் இறங்கவேண்டும். பிறகு குவித்து, நான்காக வகுத்து, எதிரெதிர்ப் பங்கை எடுத்துக் கலக்குங்கள்.

மூடுவது, காத்திருப்பது

பாதி வேலை இந்தக் கட்டத்தில்தான். ரேடியத்தை நாம் நேரடியாக அளப்பது குறைவு. அதற்குக் கீழேயுள்ள ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டின் காமாவை வைத்தே சொல்கிறோம். இடையில் ரேடான் நிற்கிறது. மாவாக இடித்த கல்லிலிருந்து அது வெளியேறிக்கொண்டே இருக்கும். வெளியேறினால் கீழே உள்ள மங்குகளுக்குத் தண்ணீர் இல்லை.

ஆகவே வாயு கசியாத ஜாடி வேண்டும். அலுமினிய டின் நல்லது. மெல்லிய பிளாஸ்டிக்கும் சிலிக்கோன் வளையமும் ரேடானை விடும். மூடிக்கும் மாவுக்கும் இடையில் காலி இடம் இருக்கக் கூடாது, இருந்தால் ரேடான் அங்கே போய்க் கூடும், அளவு உருவம் மாறும். விளிம்புவரை அழுத்தி நிரப்பி, எபோக்சிப் பசையால் மூடி, மூடியின்மேல் தேதி எழுதுங்கள். இறுக்கி நிரப்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கிருந்து, எண்ணும் கருவி இருக்கும் பாங்கிவரை 250 கிலோமீட்டருக்குமேல் நெடுஞ்சாலையில் காரில் குலுங்கிப் போகும் ஜாடியில் இடம் இருந்தால், கனமான சிர்க்கான் மணிகள் அடியில் இறங்கிவிடும்.

ஏழு நாளில் ரேடான் 72 விழுக்காடுதான் சேரும். 21 நாளில் 98, 30 நாளில் 99.6. நான் 30 நாளுக்குக் குறைந்து எண்ணுவதில்லை.

என் தொடக்க காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தொகுதி கிரானைட் மாதிரிகளைத் திருகு மூடி பிளாஸ்டிக் ஜாடியில் போட்டு, டேப் சுற்றி, நான்கு வாரம் காத்திருந்து அளந்தேன். எல்லாவற்றிலும் பிஸ்மத் தாயைவிடக் குறைவு. "ரேடியம் கரைந்து போயிருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தேன். படித்த மூத்தவர் ஒரே கேள்வி கேட்டார்: "186 என்ன சொல்லுது?" அவர் கேட்டது ரேடியத்தின் சொந்தக் காமா விழும் முகட்டை, அதைப் பின்னால் சொல்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுபடி டின்னில் அடைத்து, இன்னொரு மாதம் காத்திருந்தபோது குறைவு மறைந்தது. ரேடியம் எங்கும் போகவில்லை. என் ஜாடிகள்தான் ஒழுகின. அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜாடியையும் இரண்டு முறை எண்ணுகிறேன், 30-ஆம் நாளும் 45-ஆம் நாளும். இரண்டும் பிழை எல்லைக்குள் ஒன்றாக இருந்தால் ஜாடி நல்லது. மூடிய அன்றே மூன்றாவதாக ஓர் எண்ணிக்கை எடுத்துவைத்தால், கல் எவ்வளவு ரேடானை விடுகிறது என்ற பங்கும் இலவசமாகக் கிடைக்கும்.

எந்தக் கருவி

கைகர் மீட்டர் உதவாது. சோடியம் அயோடைடு கருவி 1,764 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் பிஸ்மத்தைப் பார்க்கும், தாயைப் பார்க்காது. வேண்டியது தூய ஜெர்மானியம் உணரி, அதுவும் தாழ்ந்த ஆற்றலைப் பார்க்கக்கூடிய மெல்லிய சன்னல் உள்ளது. திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, கனத்த ஈயக் கோட்டைக்குள் நிற்கும். பாங்கியிலுள்ள அணுசக்தி முகமையிலும் சில பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது.

வெற்று ஜாடியை வைத்து அதே கால அளவுக்குப் பின்னணி எண்ணுங்கள். அறைக்காற்றிலும் ரேடான் உண்டு, அது நாளுக்கு நாள் மாறும். ஆவியாகும் நைட்ரஜனைக் குழாய் வழி ஈயக் கோட்டைக்குள் விட்டால் காற்று வெளியேறும், பின்னணி அடங்கும்.

எந்த முகடு எதைச் சொல்கிறது

இங்கே முகடுகளின் எண்கள் எல்லாம் காமாவின் ஆற்றல், கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில். தாய்க்கு: தோரியம்-234-இன் 63.3. நூறு சிதைவுக்கு 3.7 காமா. புரோட்டாக்டினியம்-234-இன் 1,001 முகடு, நூறுக்கு 0.84 மட்டும். முதலாவது வலுவானது, ஆனால் கல்லே அதை விழுங்கும். இரண்டாவது மெலிந்தது, ஆனால் விழுங்கப்படாது. இரண்டையும் எடுங்கள். 92-இல் ஒரு முகடு அழகாகத் தெரியும், ஆசைப்படாதீர்கள்: தோரியத்தின் எக்ஸ் கதிர் அங்கேயே வந்து உட்காரும்.

தோரியம்-230-க்கு 67.7 உண்டு. நூறுக்கு 0.38 தான். தாதுவில் தெரியும், சாதாரணக் கிரானைட்டில் பின்னணிக்குள் மூழ்கிவிடும்.

ரேடியத்துக்கு 295, 352, 609, 1,120, 1,764. மூடிய ஜாடியில் இவை எல்லாம் ஒரே விடையைத் தரவேண்டும்.

ஈயம்-210-க்கு 46.5. இது ரேடியத்தைவிடக் குறைவாக இருந்தால், கல் உங்கள் ஜாடிக்கு வருமுன்பே, மலையில் இருந்த காலத்தில், பல பத்தாண்டுகளாக ரேடானை விட்டுக்கொண்டிருந்தது என்று பொருள்.

இனி 186. ரேடியம்-226 தன் சொந்தக் காமாவை 186.2-இல் விடுகிறது. யுரேனியத்தின் இன்னொரு வகையான யுரேனியம்-235 தன் பெரிய காமாவை 185.7-இல் விடுகிறது. ஜெர்மானியம்கூட இரண்டையும் பிரிக்காது. ஒரே முகடாக நிற்கும். சமநிலையில் அதில் 57.5 விழுக்காடு ரேடியத்தின் பங்கு. இந்த விழுக்காட்டை எடுத்துப் பெருக்கி ரேடியத்தையும் யுரேனியத்தையும் ஒரே முகட்டிலிருந்து பிரித்தெடுப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். சமநிலை உண்டா என்று பார்க்கப் போய், சமநிலை உண்டு என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவது இது. எப்படிப் போட்டாலும் "சமநிலை உண்டு" என்றே விடை வரும்.

ஒப்பீட்டு மாதிரியோடு எண்ணுவது

உணரியின் திறனைக் கணக்கில் உருவாக்கலாம். ஆனால் தொடங்குகிறவர்களுக்கு ஒப்பீட்டு முறைதான் பாதுகாப்பு. பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆர்ஜியு-1 என்ற பொடி, சமநிலையிலுள்ள யுரேனியத் தாதுவைச் சிலிக்காவில் கலந்து செய்தது. 400 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 400 பங்கு, யுரேனியம், கிலோவுக்கு ஏறத்தாழ 4,940 பெக்கரல். அதை அதே வகை டின்னில், அதே உயரத்துக்கு நிரப்பி, அதே 30 நாள் மூடிவைத்து, அதே இடத்தில் வைத்து எண்ணுங்கள். பிஸ்மத்தின் 609-இலும் 1,120-இலும் இரண்டு காமா ஒரே நேரத்தில் உணரியில் விழுந்து எண்ணிக்கையைக் குறைக்கும் சிக்கல் இருக்கிறது. இரண்டு ஜாடியிலும் ஒரே அளவு குறைவதால் விகிதத்தில் அது அடிபட்டுப் போகும்.

அடிபடாதது 63.3-இன் விழுங்கல். உங்கள் கல்லில் இரும்பு அதிகம், ஆர்ஜியு-1 வெறும் சிலிக்கா. அமெரிசியம்-241 புள்ளி மூலத்தை ஜாடியின்மேல் வைத்து 59.5 முகட்டை எண்ணுங்கள். முதலில் வெற்று ஜாடி, பிறகு நிரம்பிய ஜாடி. இந்த மூலத்தை ஆய்வுக்கூடத்தார்தான் கையாள வேண்டும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கடந்துபோன பங்கு. அந்தப் பங்கின் இயல் மடக்கையை, அந்தப் பங்கில் ஒன்றைக் கழித்து வருவதால் வகுத்தால் திருத்த எண். பங்கு 0.50 என்றால் திருத்தம் 1.39, 0.55 என்றால் 1.33. உங்கள் கல் முன்னது, ஆர்ஜியு-1 பின்னது என்றால் தாயின் அளவை 4 விழுக்காடு உயர்த்த வேண்டும். சின்னதுதான். ஆனால் இருபது விழுக்காடு வேறுபாட்டைத் தேடும்போது நான்கை விடக் கூடாது.

எண்ணும் காலம்: நம் கிரானைட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள். ஒரு நாளில் பிஸ்மத் நன்றாக வரும், தாய் வராது. தாய் வரும்வரை எண்ணுங்கள்.

ஒரு கணக்கைக் கையால் போடுவோம்

எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. உதிர்ந்த கிரானைட் தோல் ஒன்று, 63.3 முகடு, எல்லாத் திருத்தத்துக்கும் பின், கிலோவுக்கு 112 பெக்கரல் காட்டுகிறது. பிஸ்மத் 140 என்கிறது. விகிதம் 1.25. இங்கேயே நிறுத்திவிடலாமா?

கூடாது. யுரேனியத்தின் பிள்ளையல்லாத, தனிக் குடும்பமான தோரியம்-232-க்கும் 63.8-இல் ஒரு சின்ன காமா உண்டு, நூறுக்கு 0.26. நம் கிரானைட்டில் தோரியம் யுரேனியத்தைவிட அதிகம். அதன் சேயான ஆக்டினியம்-228-இன் 911 முகட்டிலிருந்து தோரியம் கிலோவுக்கு 244 பெக்கரல் என்று வருகிறது. அப்படியானால் 244-ஐ 0.26-ஆல் பெருக்கி 3.7-ஆல் வகுக்க, 17. அந்த 17 தாயுடையது இல்லை. மிச்சம் 95. இப்போது விகிதம் 140-க்கு 95, அதாவது 1.47. தோரியத்தை மறந்திருந்தால் ஏற்றத்தாழ்வில் பாதி கண்ணிலிருந்து தப்பியிருக்கும். அமாங்கில் தோரியம் இதைவிடப் பல மடங்கு, அங்கே 63.3-ஐத் தொடவே வேண்டாம், 1,001 மட்டும்.

பிழையைச் சேருங்கள். தாய் 95-இல் 5 கூடக் குறைய, ரேடியம் 140-இல் 4 கூடக் குறைய. முதலாவது 5.3 விழுக்காடு, இரண்டாவது 2.9. இரண்டின் வர்க்கத்தைக் கூட்டி மூலம் எடுத்தால் 6. விகிதம் 1.47, கூடக் குறைய 0.09. ஒன்றிலிருந்து ஐந்து மடங்கு பிழைக்கு அப்பால் நிற்கிறது. இது உண்மையான சமநிலைக் குலைவு. விகிதம் 1.08 என்று வந்திருந்தால், இதே பிழையோடு நான் வாயைத் திறக்கமாட்டேன்.

இனி 186-ஐக் கேட்போம். யுரேனியம்-235-இன் பெக்கரல் எப்போதும் யுரேனியம்-238-இன் 0.046 பங்கு. 95-க்கு 4.4. அதில் நூறுக்கு 57.2 காமா, ஆகவே 2.5. ரேடியம் 140-இல் நூறுக்கு 3.56, ஆகவே 5.0. கூட்டினால் கிலோவுக்கு நொடிக்கு 7.5 காமா அந்த முகட்டில் இருக்க வேண்டும். அளந்த முகடு அதற்கு ஒத்து வந்தால் ஜாடி ஒழுகவில்லை, தாய் அளவும் சரி. என் பழைய ஜாடிகளில் இதைச் செய்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன்: 186 நிமிர்ந்து நிற்க, பிஸ்மத் மட்டும் குனிந்திருக்கும்.

இதே 7.5-ஐ 57.5 விழுக்காடு என்று பிரித்திருந்தால் ரேடியம் 121, யுரேனியமும் 121 என்று வந்திருக்கும். பார்க்க ஒழுங்கான எண். இரண்டுமே தப்பு.

விடையைப் படிப்பது

ரேடியம் தாயைவிட அதிகம் என்றால் இரண்டு வழி. யுரேனியம் கரைந்து போயிருக்கலாம், அல்லது ரேடியம் வெளியிலிருந்து வந்து படிந்திருக்கலாம். தோரியம்-230 தான் சாட்சி. அதுவும் ரேடியம் அளவுக்கு நின்றால், போனது யுரேனியம். தோரியம்-230 தாயோடு ஒத்து, ரேடியம் மட்டும் தூக்கி நின்றால், ரேடியம் வந்தது, அதுவும் சில ஆயிரம் ஆண்டுக்குள். ரேடியம் குறைவு என்றால் அது கழுவப்பட்டிருக்கலாம், அல்லது யுரேனியம் அண்மையில் வந்து ஒட்டியிருக்கலாம், சேய்கள் பிறக்க இன்னும் காலம் போதவில்லை.

அந்தச் சாட்சியைக் கிரானைட்டில் கூண்டில் ஏற்ற ஆல்ஃபா அளவுதான் வழி. கல்லைக் கரைத்து, யுரேனியத்தையும் தோரியத்தையும் பிசின் குழாயில் பிரித்து, எஃகு வில்லையில் படியவைத்து எண்ணுவது. பிரிக்காமல் எண்ண முடியாது, ஏனெனில் யுரேனியம்-234-இன் ஆல்ஃபா 4.77, தோரியம்-230-இன் ஆல்ஃபா 4.69 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட், ஒன்றன்மேல் ஒன்று விழும். வேலையில் எவ்வளவு தவறிப்போனது என்று தெரிய, தொடக்கத்திலேயே அளவு தெரிந்த யுரேனியம்-232-ஐயும் தோரியம்-229-ஐயும் கலந்துவிடுவார்கள். இது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் புழங்கும் வேலை, பயிற்சி இல்லாதவர் கைவைக்கக் கூடாது. அமிலத்தில் சிர்க்கான் முழுதும் கரையாது என்பதையும் கூடத்தாரிடம் நினைவூட்டுங்கள். கரையாத சிர்க்கானோடு யுரேனியமும் அடியில் தங்கிவிட்டால் பொய்யான யுரேனியக் குறைவு வரும். லித்தியம் போரேட்டோடு உருக்கிக் கரைப்பது மேல்.

பணம் குறைவாக இருந்தால் ஒரு நடுவழி இருக்கிறது, பெரும்பாலான மாணவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உருக்கிக் கரைத்த மாதிரியில் யுரேனியத்தை நிறை நிறமாலைக் கருவியில் பிபிஎம் கணக்கில் வாங்குங்கள். 12.35-ஆல் பெருக்கினால் கிலோவுக்குப் பெக்கரல். 7.7 பிபிஎம் என்றால் 95. ரேடியத்தை மூடிய டின்னில் காமாவால் எடுங்கள். தாயும் சேயும் வேறு வேறு கருவியில், ஒன்றை ஒன்று நம்பாமல் அளக்கப்படுகின்றன. அதே ஒரே மாவிலிருந்து இரண்டுக்கும் பங்கு போகவேண்டும், அவ்வளவுதான்.

அறிக்கையில் விகிதத்தோடு பிழையையும், மூடிய தேதியையும், எண்ணிய தேதியையும், எந்த முகடு என்பதையும், தோரியத்துக்காக எவ்வளவு கழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். "யுரேனியம்" என்று எழுதும் இடத்தில் தாயை அளந்தீர்களா, பிஸ்மத்திலிருந்து ஊகித்தீர்களா என்று சொல்லுங்கள்.

மாமாவின் கல்லைத் தோல், இடை, நடு என்று மூன்று டின்னில் அடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்று 21-ஆம் நாள். நேற்றும் வாசலில் சைக்கிளை நிறுத்திக் கேட்டார். "இன்னும் பத்து நாள் மாமா, அப்புறம் எண்ணக் கொண்டு போறேன்," என்றேன். மூடியில் எழுதியிருந்த தேதியைப் பார்த்துவிட்டு, தன் சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில் அதையும் குறித்துக்கொண்டு போனார்.